டிசம்பர் கப்பல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நான்கைந்து ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. எனக்கு 63 வயது, ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். மகன் ஒரு நாட்டிலும் மகள் இன்னொரு நாட்டிலும் இருக்கிறார்கள். இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பது டிசம்பர் கடைசியில் மட்டும்தான். யார் வீட்டில் கூடுவது என்பதில் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது மனத்தாங்கல் வரும். இந்த முறை இருவரும் பேசிவைத்துக்கொண்டு, சொகுசுக் கப்பல் ஒன்றில் பத்து நாளுக்கு எல்லோருக்கும் இடம் போட்டுவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் வருகிறார்கள்.

என் கணவர், “மிதக்கிற மாலுக்குப் போக எதற்குக் கடல்?” என்கிறார். நீங்களும் முன்பு ஒரு பதிலில், குரூஸ் என்பது பயணமே அல்ல, ஊர்களைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது என்று எழுதியிருந்தீர்கள். அதை எனக்குப் படித்துக் காட்டியதும் அவர்தான்! நான் கடலில் போனதே இல்லை. குளிர்காலத்தில் கடல் கொந்தளிக்கும் என்கிறார்கள். பத்து நாள் அங்கே என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. போகலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் ஆளைப் பார்த்து அம்பு விட்டிருக்கிறார். அந்த வரியை எழுதியபோது நான் எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஏறி, அட்லாண்டிக்கில் இருக்கும் மதீரா, கேனரி தீவுகள் வரை போய்வந்தேன். உங்களுடையதைப் போலவே டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கம்.

வரியைத் திரும்பப் பெறப்போவதில்லை. காலை எட்டுக்கு ஒரு துறைமுகத்தில் இறக்கிவிட்டு, மாலை ஐந்துக்குள் வா என்றால் எந்த ஊர்தான் பிடிபடும்? தாமதமானால் கப்பல் காத்திருக்காது. மேல்தளத்தில் நின்று, கடைசி நிமிடத்தில் பைகளோடு ஓடிவருகிறவர்களைப் பார்த்துக் கைதட்டுவது அங்கே ஒரு பொழுதுபோக்கு. நானும் தட்டினேன். ஆனால் உங்கள் கடிதத்தில் ஊர் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லையே. யார் வீடு என்பதுதானே அதில் விஷயம்.

வீட்டில் கூடும்போது ஒருவர் விருந்தாளி, ஒருவர் வீட்டுக்காரர். யார் அடுப்படியில் நிற்பது, யாருக்கு எந்த அறை, குழந்தைகள் எப்போது தூங்குவது என்று எல்லாமே அந்த வீட்டின் சட்டப்படிதான். கப்பலில் எல்லோருமே விருந்தாளிகள். எங்களோடு நண்பரின் அம்மா வந்திருந்தார், உங்களைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் இரண்டு நாள் சாப்பிட்டு முடித்ததும் எல்லோருடைய தட்டுகளையும் அடுக்கி, மேஜையைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். பரிமாறுகிறவர் ஓடிவந்து தடுத்தும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அடுக்கவில்லை. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, டெக்கின் சாய்வு நாற்காலியில் கழுத்துவரை போர்வையோடு தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா பகலில் தூங்கி இதுவரை பார்த்ததில்லை என்று நண்பர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். அதற்கே அந்த டிக்கெட் சரியாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பகல் முழுக்க எல்லோரும் ஒட்டிக்கொண்டே திரியாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே மேஜை, ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு மற்ற நேரத்தில் அவரவர் வழியில் போகலாம். அங்கே பிள்ளைகள் தொலைந்துபோக வாய்ப்புக் குறைவு, பெரியவர்கள்தான் தொலைவார்கள். எனக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்பது பிடிபடவே ஐந்து நாள் ஆனது. தாழ்வாரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பெரும்பாலான கப்பல்களில் அறைக்கதவு இரும்பு என்பதால், டிசம்பரில் குழந்தைகள் காந்தம் வைத்த காகித நட்சத்திரம், கரடி என்று எதையாவது ஒட்டிவைப்பார்கள். நான் என் அறையைக் கண்டுபிடித்தது, எதிர்க் கதவில் தலைகீழாகத் தொங்கிய ஒரு பனிமனிதனை வைத்து. பேரப்பிள்ளைகளிடம் சொல்லி உங்கள் கதவுக்கும் ஏதாவது ஒட்டச்சொல்லுங்கள்.

கணவருக்கு ஒரு தகவல். உல்லாசக் கப்பல் பெரிதாகப் பரவியதே குளிர்காலத்தால்தான். அந்தக் காலத்தில் குளிர் வந்துவிட்டால் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வரமாட்டார்கள். பெரிய கப்பல்கள் துறைமுகத்தில் சும்மா நிற்கும், செலவு மட்டும் ஓடும். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு கப்பல் நிறுவனத்தை நடத்திய ஆல்பர்ட் பாலின், ஆள் வராவிட்டால் கப்பலை வெயிலுக்கு அனுப்பலாமே என்று யோசித்தார். 1891 ஜனவரியில் ‘அகுஸ்டா விக்டோரியா’ 241 பயணிகளோடு மத்தியதரைக்கடலுக்குப் புறப்பட்டு, இரண்டு மாதம் சுற்றிவிட்டு வந்தது. போய்ச்சேர்வதற்காக அல்லாமல் போய்வருவதற்காகவே கப்பல் ஏறுவது அப்படித்தான் பெரிய அளவில் தொடங்கியது. இன்றைக்கும் கணக்கு அதேதான். கோடையில் அலாஸ்காவிலும் மத்தியதரைக்கடலிலும் ஓடும் கப்பல்களில் பல, குளிர் தொடங்கியதும் கரீபியன் பக்கம் வந்துவிடும். மிதக்கிற மால் என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. 2024 ஜனவரியில் ஓடத்தொடங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ 20 தளம் கொண்டது, பயணிகள் மட்டுமே அதிகபட்சம் 7,600 பேர். அத்தனை பேர் நடுவில் கடலைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் பயம். எந்தக் கடல் என்று நீங்கள் எழுதவில்லை, அதைப் பொறுத்துத்தான் பதில். கரீபியன் என்றால் புயல் பருவம் நவம்பர் 30-ஓடு முடிந்துவிடும், டிசம்பரில் பெரும்பாலும் பயமில்லை. வட அட்லாண்டிக், வட கடல் என்றால் உங்களிடம் சொன்னவர்கள் சொன்னது சரி. 2023 டிசம்பர் 21 அன்று வட கடலில் ஒரு பயணிகள் கப்பலைப் பேரலை ஒன்று அடித்து, கப்பலைச் செலுத்தும் அறையின் கண்ணாடிகள் நொறுங்கி, கொஞ்ச நேரம் மின்சாரமே போய்விட்டது. உள்ளே 266 பயணிகளும் 131 ஊழியர்களும் இருந்தார்கள். யாருக்கும் பெரிய காயமில்லை, கப்பலும் கரைசேர்ந்துவிட்டது. அபூர்வம்தான். ஆனாலும் நடப்பதுண்டு.

எங்களுக்கு பிரான்ஸ், ஸ்பெயின் கரையோரமுள்ள பிஸ்கே விரிகுடாவில் ஒரு ராத்திரி அப்படி வாய்த்தது. மாலையிலேயே தாழ்வாரத்துக் கைப்பிடிகளில் வரிசையாகக் காகிதப் பைகளைச் செருகிவைத்தார்கள். எதற்கென்று கேட்கவே தேவையில்லை. பெரிய கூடத்தில் நின்ற கிறிஸ்துமஸ் மரத்தை மெல்லிய கம்பிகளால் இழுத்துக் கட்டியிருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். அறைக்குள் அலமாரியில் காலி ஹேங்கர்கள் விடியவிடிய ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன. மூன்று மணிக்கு எழுந்து எல்லாவற்றையும் கழற்றிப் படுக்கையில் போட்ட பிறகுதான் தூங்கினேன். நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலின் இருபுறமும் மீனின் துடுப்பு போல நீட்டக்கூடிய தகடுகள் உண்டு. அவை பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகவே அடக்கும், முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அடக்காது. அதனால் அறை இன்னும் முடிவாகவில்லை என்றால் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். சீசா பலகையில் நடுவில் உட்கார்ந்த குழந்தைக்கு ஆட்டம் குறைவுதானே. மேலே, முன்பக்கம், பால்கனியோடு என்பது படத்தில் அழகாக இருக்கும். குமட்டல் வந்தால் அறைக்குள் சுருண்டு படுக்காமல் வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை போடுவதென்றால் புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், சில மாத்திரைகள் தூக்கத்தைத் தரும். வயிற்றுப்போக்கும் வாந்தியும் தரும் நோரோ வைரஸ் குளிர்காலத்தில்தான் அதிகம் பரவும். வாசலில் வைத்திருக்கும் கைக் கிருமிநாசினி அதற்கு அவ்வளவாக உதவாது, சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும்.

ஏறிய அன்றே ஆபத்துகாலப் பயிற்சி இருக்கும். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி கேட்டால் எங்கே போய்க் கூட வேண்டும் என்று காட்டுவார்கள். பாதிப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஆசிரியை, ஒழுங்காகக் கவனியுங்கள். 2012 ஜனவரி 13 அன்று ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறியவர்களுக்கு அந்தப் பயிற்சி நடந்தே இருக்கவில்லை.

பத்து நாள் என்ன செய்வது? ஒரு கட்டத்தில் இன்று என்ன கிழமை என்பதே மறந்துபோகும். சில கப்பல்களில் லிஃப்டின் தரைவிரிப்பிலேயே கிழமையை நெய்து வைத்திருப்பார்கள், எங்கள் கப்பலிலும் இருந்தது. அதை யார் மாற்றுகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

டிசம்பர் 31 இரவு கப்பல் ஃபுன்ஷால் விரிகுடாவில் நின்றது. மதீராவின் தலைநகரம் அது. அந்த ஊர்ப் புத்தாண்டு வாணவேடிக்கைக்கு 2006-இல் கின்னஸ் சாதனைப் பட்டம் கிடைத்தது. நகரம் ஒரு மலைச்சரிவில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டு அடித்ததும் மேலிருந்து கீழ்வரை சரிவு முழுக்க ஒரே நேரத்தில் வெடிக்கத் தொடங்கியது. சுற்றி நின்ற கப்பல்கள் எல்லாம் சங்கு ஊதின. அந்தச் சத்தம் காதுக்குக் கேட்டதைவிட நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்ததுதான் அதிகம். சில நிமிடத்தில் புகை இறங்கி ஊரையே மூடிவிட்டது. கூட்டம் மேலேயே ஆடிக்கொண்டிருந்தது, நான் குளிர் தாங்காமல் கீழே வந்தேன். லிஃப்ட் திறந்தது. உள்ளே ஓர் இளைஞர், கக்கத்தில் சுருட்டிய தரைவிரிப்புகள். புத்தாண்டு வாழ்த்துகள் என்றார். சொல்லிவிட்டு, நான் காலை எடுப்பதற்காகக் காத்திருந்தார். நேற்றைய கிழமைமேல் நின்றுகொண்டிருந்தேன்.

அவரைப் போன்றவர்களின் ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம். கப்பல் ஊழியர்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வேலை நேரத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம், அல்லது வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு என்று வைக்கலாம். இரண்டாவது முறையில் கழித்துப் பாருங்கள், வாரம் 91 மணி நேரம் வேலை வாங்க இடமிருக்கிறது. உங்கள் குடும்பம் ஒன்றுகூட, அவர்களின் குடும்பங்கள் அந்த நாளில் பிரிந்திருக்கின்றன. இதைச் சொல்லி உங்கள் விடுமுறையைக் கெடுக்க எண்ணமில்லை. அறையைச் சுத்தம் செய்பவரின் பெயரை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாள் அவருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு உறையைச் சம்பிரதாயத்துக்கு மெலிதாக வைக்காதீர்கள்.

போங்கள். கணவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். விடியலுக்கு முன்பு ஒரு நாளாவது இருவரும் டெக்கில் நடந்து பாருங்கள், அந்த நேரத்தில் மால் பூட்டியிருக்கும்.

அப்புறம், வீடு திரும்பியபின் இரண்டு மூன்று நாள் தரை ஆடுவதுபோல இருக்கும். நோய் ஒன்றுமில்லை, உடம்பு இன்னும் கப்பலிலேயே இருக்கிறது, அவ்வளவுதான். குளிக்கும்போது மட்டும் கண்ணை மூடாதீர்கள். நான் முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். விழாமல் இருக்கத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.