பயந்த மகளும் பறிபோகும் விடியற்காலைத் தூக்கமும்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு 12 வயது. இரண்டு மாதங்களுக்கு முன் கணக்கு வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கினாள். அதிலிருந்து கணக்கு மட்டுமல்ல, எந்த ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தாலும் நடுங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை இரவானால் வயிறு வலிக்கிறது என்கிறாள். அவள் தூங்க இரவு 11.30 ஆகிறது, டியூஷனுக்காகக் காலை 5 மணிக்கு எழுப்பிவிடுகிறோம். தூக்கம் குறைந்ததால் பயமா, பயத்தால் தூக்கம் வரவில்லையா? மருந்து ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: பயமும் தூக்கக் குறைவும் ஒன்றையொன்று வளர்ப்பவை, எது முதலில் வந்தது என்று பிரித்தறிவது பெரும்பாலும் இயலாது, அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் கையில் இன்றே இருப்பது தூக்கம். 6 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 வயதிலிருந்து 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. உங்கள் மகளுக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம்.

அந்த ஐந்தரை மணி நேரத்தில் எது விடுபடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆழ்ந்த தூக்கம் இரவின் முற்பகுதியில் மிகுந்திருக்கும். கனவுகள் தெளிவாக வரும் ரெம் தூக்கமோ விடியலை நெருங்க நெருங்க நீளும். ஐந்து மணிக்கு எழுப்பும்போது அதுதான் பறிபோகிறது. ரெம் தூக்கத்தின்போது மூளையில் பதற்றத்தோடு தொடர்புடைய நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் மிகக் குறைந்துவிடுகிறது. பகலில் மனத்தைச் சுட்ட நிகழ்ச்சிகள் அந்த அமைதியான சூழலில் மீண்டும் அலசப்படுவதால் நினைவு தங்கி, அதன் சூடு மட்டும் தணிகிறது என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் கருதுகின்றனர். உணர்ச்சியும் சேர்ந்தே பதிகிறது என்பாரும் உண்டு. எனினும் தூங்காத மூளை மிகையாக மிரள்கிறது என்பதற்குச் சான்று வலுவானது: தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இரவு முழுவதும் விழித்திருந்த இளைஞர்களுக்கு மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டியபோது, அச்சத்தை உணரும் மூளைப் பகுதியான அமிக்டலா, தூங்கியவர்களைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகமாகக் கிளர்ந்தது, அதை அடக்கி ஆளும் முன்மூளைப் பகுதியோடு அதற்குள்ள தொடர்பும் தளர்ந்திருந்தது. அந்த முன்மூளை 12 வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி, எந்த ஆசிரியர் அழைத்தாலும் நடுங்குகிறாள் என்பது. ஒரு நாள், ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர் என்று எல்லையோடு பதிய வேண்டிய நினைவு, அந்த எல்லை மங்கி, அதைப் போன்ற எல்லாவற்றின் மீதும் படர்ந்துவிட்டது. ஒன்றைப் போலிருக்கும் மற்றொன்றை வேறென்று பிரித்தறிவது, மூளையில் நினைவுகளைப் பதிக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸின் வேலை. தூக்கம் குறைந்தால் அந்த வேலை தடுமாறும். ஆகவே, "இது வேற மிஸ்தானே, ஏன் பயப்படுற?" என்று அவளைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

முதலில் காலை டியூஷனை நிறுத்துங்கள், அல்லது மாலைக்கு மாற்றுங்கள். ஐந்து மணி வகுப்பில் படிப்பதைவிட அங்கே அவள் இழக்கும் தூக்கம் பெரியது என்பது என் உறுதியான கருத்து. "ஒன்பது மணிக்கே படு" என்று அதட்டுவது எளிது. ஆனால் பருவமடையும் வயதில், தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் ஹார்மோனான மெலட்டோனின் சுரக்கத் தொடங்கும் நேரமே தள்ளிப்போகிறது. படுக்கும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே கொண்டுவாருங்கள். விடுமுறையிலும் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போக வேண்டாம். எழுந்ததும் மொட்டை மாடியிலோ வாசலிலோ சிறிது நேரம் வெயிலில் நிற்கட்டும். மாலையில் காபி, டீ வேண்டாம். இரவில் செல்போன் உங்கள் அறையில் சார்ஜ் ஏறட்டும். உங்கள் செல்போனும் அங்கேயே இருந்தால் அவள் மனம் ஒப்பும்.

பயத்தைப் பற்றிய பேச்சைப் படுக்கைக்குக் கொண்டுசெல்லாமல், மாலையில் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை, எத்தனையாவது பீரியட், எந்தக் கணக்கு, அடுத்த வகுப்பில் என்ன நடந்தது என்று அவள் வாயாலேயே நிதானமாகச் சொல்லவிடுங்கள். விவரங்கள் கூடக்கூட, அது ஒரு நாளில் நடந்து முடிந்த ஒன்று என்பது அவளுக்கே விளங்கத் தொடங்கும்.

மருந்து வேண்டாம். தூக்கம் வரும் என்று சளி மருந்தையோ, கடையில் விற்கும் மெலட்டோனின் மிட்டாயையோ மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இரவில் குறட்டை விட்டாலோ, வாயால் மூச்சு விட்டாலோ குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருந்தால் இரும்புச்சத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைகளிடம் இரும்புச்சத்துக் குறைபாடு மிகச் சாதாரணம்.

தூக்கம் சீராகி மூன்று, நான்கு வாரங்களுக்குப் பின்னும் நடுக்கம் குறையாவிட்டால் மனநல நிபுணரை அணுகுங்கள். பள்ளிக்கே போக மறுத்தாலோ, உயிர் வாழ்வதில் விருப்பமில்லை என்பது போல் பேசினாலோ அதுவரை பொறுக்காமல் உடனே நேரில் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.