'அந்த மாதிரி' படங்களின் ஊருக்கு வரப்போகும் தம்பிக்கு

தம்பி, ஜனவரியில் ஸ்டாக்ஹோமுக்கு வேலைக்கு வரப்போவதாகவும், மனைவி மூன்று மாதம் கழித்து வருவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். குளிருக்கு என்ன வாங்குவது, வீடு எப்படிப் பிடிப்பது, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் கண்ணடிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டு இன்னொரு கேள்வி: "அந்த மாதிரி படம் எடுக்கிற ஊருக்குப் போறியான்னு நண்பர்கள் கிண்டல் பண்றாங்க. அங்க பொண்ணுங்க ரொம்ப ஃப்ரீயாமே, உண்மையா அண்ணா?"

முதல் மூன்றையும் முடித்துவிடுகிறேன். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள், தி.நகரில் விற்பது ஊட்டிக்குத்தான் ஆகும். சாவி கைக்கு வராமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன், போனது போனதுதான். வாடகை வீட்டு வரிசையில் வந்த உடனே பெயரைப் பதிந்து வையுங்கள். இன்னும் பிறக்காத உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது முறை வரலாம். சாப்பாடு கிடைக்கும்.

நாலாவது கேள்வியைத்தான் என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. ஏனென்றால் 1999 ஜனவரியில் ஆர்லாண்டா விமான நிலையத்தில் இறங்கிய நானும் அதே கேள்வியோடுதான் வந்தேன். உங்களுக்காவது வாய்விட்டுக் கேட்கத் தைரியம் இருக்கிறது.

எங்கள் காலத்தில் 'சுவீடன் படம்' என்றாலே பிட்டுப் படம்தான். 1991இல் சென்னையில் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். விழாப் படங்களுக்கு வெட்டு கிடையாது என்பது மட்டுமே எங்களுக்குத் தெரிந்த சினிமா அறிவு. எப்படியோ பாஸ் வாங்கி உள்ளே போனால், ஏதோ ஓர் ஐரோப்பியப் படத்தில் ஒரு கிழவர் இரண்டு மணி நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் ஒருத்தன் "சீன் எப்பய்யா வரும்?" என்று கத்தினான். அவன் இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது. அவனுடைய கேள்வி மட்டும் என் பெட்டியில் ஏறி இங்கே வந்து சேர்ந்தது.

நான் வந்த அதே மாதம்தான் காசு கொடுத்து உடலுறவு வாங்குவது குற்றம் என்ற சட்டம் சுவீடனில் அமலுக்கு வந்தது. விற்பவர் மேல் வழக்கு கிடையாது, வாங்குபவர் மேல்தான். எங்கள் விருந்தினர் விடுதியில் நம்மூர்க்காரர்கள் மூன்று பேர் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள்: "இந்த ஊர்லயே இப்படி ஒரு சட்டமா?" அந்த ஆச்சரியத்தில்தான் நம் ஆட்களின் மொத்த அறியாமையும் இருந்தது. என்னுடையதும்தான்.

என் கதையைச் சொல்கிறேன். அலுவலகத்தில் ஒரு பெண். மதியம் என்னோடு உட்கார்ந்து சினிமா பேசுவார், ஃபீகாவுக்குக் கூப்பிடுவார் (ஃபீகா என்றால் காபியும் அரட்டையும், பழகிக்கொள்வீர்கள்). ஏப்ரல் மாதம் ஒரு நாள் நடந்து வரும்போது தோளில் கை போட்டேன். "நேய்" (வேண்டாம்) என்றார். அவ்வளவுதான். கையை எடுத்துவிட்டேன். அன்றிரவு தூங்கவில்லை, வேலை போச்சு, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். திங்கட்கிழமை அவர் என் எதிரே வந்து உட்கார்ந்து, "உன்னோடு பேசப் பிடித்திருந்தது, அதனால் பேசினேன். அதற்கு மேல் நீயாகக் கூட்டி வாசித்தாய்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம் என்று இருந்தது.

இதை நான் வாடகைக்கு இருந்த வீட்டின் வீட்டுக்காரம்மாவிடம் எப்படியோ உளறிவிட்டேன். விடுதியிலிருந்து வெளியேறி ஹேகெஷ்டென் பக்கம் ஒரு அம்மா வீட்டில் அறை எடுத்திருந்தேன். பிரசவ வார்டில் வேலை பார்த்த மருத்துவச்சி, அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "நீ எந்தப் படத்தைப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டாய்?" என்றார். எதையும் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான் என்றேன். "சரி, பார்த்துவிடு" என்று ஒரு வாரம் கழித்து ஃபில்ம்ஹூசெட் என்ற திரைப்படக் கழகக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனார். விக்டர், மௌரிட்ஸ் என்று மௌனப்பட இயக்குநர்கள் இருவர் பெயரில் அங்கே அரங்குகள் உண்டு. அன்று போட்ட படம் 'ஐ ஆம் க்யூரியஸ்: யெல்லோ'. வில்கோட் ஷோமன் இயக்கி 1967இல் வந்தது. உலகத்துக்கே சுவீடன் மேல் 'அந்த' முத்திரையைக் குத்திய படம். 1968இல் அமெரிக்கச் சுங்கத்துறை பறிமுதல் செய்து, நீதிமன்றம் ஏறி, 1969இல் நியூயார்க்கில் வெளியானபோது வரிசை கட்டி நின்று பார்த்திருக்கிறார்கள்.

தம்பி, அந்தப் படத்தில் என்ன வருகிறது தெரியுமா? லேனா நீமன் என்ற இளம் நடிகை மைக்கைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போய், "சுவீடனில் வர்க்கம் உண்டா?" என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்கிறார். பிற்பாடு பிரதமரான உலோஃப் பால்மெ வருகிறார். மார்ட்டின் லூதர் கிங் வருகிறார். சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆண்ட ஸ்பெயினுக்குச் சுற்றுலா போய் வந்தவர்களை நிறுத்தி, வெட்கமாக இல்லையா என்கிற மாதிரி விசாரிக்கிறார். நடுநடுவே நீங்கள் நினைக்கிற காட்சிகளும் இருக்கின்றன, ஒளிவுமறைவில்லாமல். ஆனால் அதற்காகவே உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த சென்னைக் கிழவர் ஜன்னலே தேவலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் அந்த அம்மா சொன்னார்: "அந்த வருஷம் செப்டம்பரில் நாங்கள் இடப்பக்கம் ஓட்டிய வண்டியை வலப்பக்கம் மாற்றினோம். அடுத்த மாதம் இந்தப் படம் வந்தது. எதிரே வருகிற வண்டிக்குப் பயப்படுவதா, பக்கத்தில் உட்காருகிற ஆணுக்குப் பயப்படுவதா என்று எங்களுக்குப் புரியவில்லை." அவருடைய ஆஸ்பத்திரியில் ஆண் டாக்டர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசியதெல்லாம் அந்த நடிகையின் உடம்பைப் பற்றியாம், குண்டாக இருக்கிறாள் என்று. மைக்கை யாரும் கவனிக்கவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் போலந்துக் கதையைச் சொன்னார். எனக்கு அதுதான் தூக்கிவாரிப் போட்டது. 1960களின் நடுவில், நாம் எல்லோரும் சுவீடன் பெண்கள் கட்டற்றவர்கள் என்று எச்சில் விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே கருக்கலைப்புக்கு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். காரணம் எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், கிடைத்தால் கிடைக்கும். அதனால் பெண்கள் கடல் தாண்டிப் போலந்துக்குப் போனார்கள். 1965இல் அப்படிப் போய் வந்தவர்கள் மேல் வழக்குப் போடவே பார்த்தார்கள். நாடே கொந்தளித்த பிறகு அரசு விட்டுக்கொடுத்தது. வீட்டுக்காரம்மாவின் தோழி ஒருத்தி போனவர். துணைக்கு இவரும் போயிருக்கிறார். "நீ உன் ஊரில் எங்களைப் பற்றிக் கனவு கண்டுகொண்டிருந்தபோது" என்று ஆரம்பித்தார். நான் அப்போது பிறக்கவே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

பெண்ணே முடிவெடுக்கலாம் என்ற சட்டம் 1975இல்தான் அமலுக்கு வந்தது. ஆபாசப் படங்களுக்கான தடை 1971இலேயே போய்விட்டது. எது முதலில் வந்தது பாருங்கள். அவர் அதை விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

இன்னொன்று, ஸ்காண்டிநேவியா முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். தடையை முதலில் எடுத்தது டென்மார்க்: எழுத்துக்கு 1967, படத்துக்கு 1969. 'படுக்கை ஓரம்' என்று தலைப்பிலேயே வரும் அந்த அசட்டு நகைச்சுவைப் படங்களை 1970களில் வரிசையாக எடுத்ததும் அவர்கள்தான், பெயர் கெட்டது சுவீடனுக்கு. நார்வேயில் 2006 வரை தடை இருந்தது. ஆபாசத் தொழிலைப் பற்றி 1968இல் டேனிஷ் மொழியில் ஒரு ஆவணப்படம் எடுத்த கேப்ரியல் ஆக்செல்தான் பிற்பாடு 'பாபெட்ஸ் ஃபீஸ்ட்' எடுத்து ஆஸ்கர் வாங்கியவர். விருந்துச் சாப்பாட்டைப் பற்றி அதைவிடப் பக்தியான படம் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரம்மாவுக்குப் பிடித்தது வேறு படம். மாய் செட்டர்லிங் என்ற பெண் இயக்குநரின் 'ஃப்ளிக்கொர்னா', 1968. போரை நிறுத்தும்வரை கணவர்களைப் படுக்கையில் சேர்ப்பதில்லை என்று பெண்கள் சபதம் போடும் பழைய கிரேக்க நாடகத்தை, மூன்று நடிகைகள் ஊர் ஊராகப் போய் நடிக்கிறார்கள். நாடகம் மெல்ல அவர்கள் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. அது ஓடவில்லை. ஆண்கள் எடுத்த படம் உலகமெல்லாம் விற்றது, பெண் எடுத்த படம் படுத்துவிட்டது. சுதந்திரம் யாருக்கு வந்தது என்று இன்றைக்கும் அந்த அம்மா இதை வைத்துத்தான் வாதாடுவார். 1976இல் ஒரு அரசுக் குழு வல்லுறவுச் சட்டத்தைத் தளர்த்தலாம் என்று பரிந்துரை எழுதியது. பெண்ணின் முந்தைய நடத்தையையும் கணக்கில் எடுக்கலாமாம். பெண்கள் அமைப்புகள் எழுந்த வேகத்தில் அது குப்பைக்குப் போனது. அவரும் ஊர்வலத்தில் நடந்திருக்கிறார், பிரசவ வார்டு இரவு ஷிஃப்ட் முடித்த கையோடு.

இதனால் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். 2018 ஜூலையிலிருந்து இங்கே சட்டம் இதுதான்: எதிராளி தானாக விரும்பிக் கலந்துகொள்ளவில்லை என்றால் அது வல்லுறவு. அடிக்க வேண்டியதில்லை, மிரட்ட வேண்டியதில்லை. பேசாமல் இருந்தாள், அதனால் சம்மதம் என்பதெல்லாம் நம் சினிமாப் பாட்டோடு சரி. மனைவிக்கும் இதே சட்டம்தான். கணவன் செய்தாலும் குற்றம் என்பது இங்கே 1965இலிருந்தே உண்டு. உங்கள் நண்பர்கள் கிண்டலில் இதைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

குளிர்காலத்தில் ஹெல்லாஸ்கோர்டன் ஏரிப் பக்கம் போய்ப் பாருங்கள். சானா என்ற வெப்ப அறையிலிருந்து வெளியே வந்து, கிழவிகளும் இளைஞர்களும் துணியில்லாமல் பனிக்கட்டியில் வெட்டிய குழியில் முங்கி எழுவார்கள். முதல் தடவை போனபோது பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்தன்தான். மற்றவர்களுக்குக் குளிர்ந்தது. இப்போது வருஷா வருஷம் நானும் முங்குகிறேன். நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் இதைச் சொன்னால் ஏதோ மதம் மாறிவிட்டேன் என்கிற மாதிரி பார்க்கிறார்கள். "கலாச்சாரம் கெட்ட ஊர்" என்று சாம்பாரில் கைவைத்தபடி சொல்லும் அதே அண்ணன்தான், இந்த ஊர் தரும் 480 நாள் குழந்தை விடுப்பில் தன் பங்கை ஒரு நாள் விடாமல் எடுத்தவர். அகதியாக வந்த ஈழத்துக் குடும்பங்கள் மொழியைப் படித்து இங்கே வேரூன்றியிருக்கின்றன. நம் ஐடி ஆட்கள் பத்து வருஷம் இருந்தாலும் லாட்ஜில் தங்கியிருப்பது போலத்தான் இருப்பார்கள். எழுதினால் கோபம் வரும், வரட்டும்.

நானும் யோக்கியன் இல்லை. மகள் பள்ளியில் பாலியல் பாடம் வந்தபோது (1955லிருந்து கட்டாயப் பாடம்) ஆசிரியருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதிவிட்டு, அனுப்பும் முன் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். 2009இலும் அப்படித்தான். பெண்களே எடுத்த ஆபாசக் குறும்படத் தொகுப்பு ஒன்றுக்குத் திரைப்படக் கழகம் 5 லட்சம் குரோனர் கொடுத்தது என்று ஊரே சண்டை போட்டபோது, என் வரிப்பணம் என்று நானும் குதித்தேன். "இத்தனை வருஷம் ஆண்கள் எடுத்ததற்கு நீ கணக்குக் கேட்டாயா?" என்றார். இரண்டு தடவையும் அவர்தான் ஜெயித்தார். மின்னஞ்சல் இன்னும் வரைவில் கிடக்கிறது.

இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது சுவீடன் இயக்குநர் பெர்க்மனின் 'சம்மர் வித் மோனிகா' போட்டுக் காட்டினேன். 1953 படம். அமெரிக்காவில் ஒரு வியாபாரி அதை வாங்கி, கணிசமாக வெட்டி, 'ஒரு கெட்ட பெண்ணின் கதை' என்று விளம்பரம் செய்து ஓட்டினாராம். கடலோரத்தில் குளிக்கிற காட்சிக்கு முன்பே அந்த அம்மா தூங்கிவிட்டார். கடைசியில் மோனிகா விட்டுவிட்டுப் போய்விட, அந்தப் பையன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும்போது விழித்துக்கொண்டார்.

"குழந்தைக்குத் தொப்பி போட்டிருக்கிறானா?" என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றேன். பின்னால் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.