அரிசிப் பையும் வாட்சப் படமும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பங்கில், அதாவது எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவிலில், சென்ற நவம்பரில் திருச்சபை ஏழைகளுக்காக வைத்திருக்கும் உலக வறியோர் நாள் கொண்டாடினார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கவைத்து, பெயர் வாசித்து அரிசிப் பை கொடுத்தார்கள். என் அம்மாவும் வாங்கினார். அப்பா இறந்தபின் வீட்டில் கஷ்டம்தான், மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே படங்கள் எங்கள் அன்பியத்தின் (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) வாட்சப் குழுவில் வந்துவிட்டன. எனக்குக் கொதித்தது. அம்மாவோ "குடுத்தவங்க நல்லா இருக்கணும்" என்று அவர்களுக்காக ஜெபமாலை சொல்கிறார். இதுதான் தாழ்மையா? இல்லை, ஏழை வாயைத் திறக்காமல் இருக்கத்தான் ஜெபமா?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்திலும் தப்பில்லை, அம்மாவின் ஜெபத்திலும் தப்பில்லை. விசாரிக்க வேண்டியது கொடுத்தவர்களின் ஜெபத்தை.

லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில் வரும் பரிசேயர், அதாவது சமயச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிப்பவர், கோவிலில் நின்று சொல்வதில் ஒரு பொய்கூட இல்லை. வாரம் இரண்டு முறை நோன்பு இருந்திருப்பார், பத்தில் ஒரு பங்கு கொடுத்தும் இருப்பார். ஆனால் கொடுத்ததை ரசீது மாதிரி கடவுளிடமே நீட்டுகிறார். போதாததற்கு, பின்னால் நிற்கும் வரிதண்டுபவரை, ஊரே பாவி என்று ஒதுக்கிய வரி வசூலிப்பவரை, காட்டி, நான் இவரைப் போல இல்லை என்கிறார். வரிதண்டுபவர் மார்பில் அடித்துக்கொண்டு, பாவி என்மேல் இரங்கும் என்று ஒரே வரியில் ஜெபத்தை முடித்துவிடுகிறார். சரி, மார்பில் அடித்துக்கொண்டால் யார் வீட்டில் அடுப்பு எரியும்? அதற்கும் லூக்காவிடம் பதில் இருக்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே வரிதண்டுவோரின் தலைவர் சக்கேயு வந்து, சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்கிறார். மார்பில் அடித்துக்கொண்டவரையும் சக்கேயுவையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஜெபத்தையும் கொடுப்பதையும் அப்படிச் சேர்த்தவர்கள் உண்டு. 1833 ஏப்ரல் 23 அன்று பாரிஸில் சில கல்லூரி மாணவர்கள் ஒன்றுகூடினார்கள். அதில் ஒருவரான பிரெடெரிக் ஓசானாமுக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. முந்தைய ஆண்டு காலரா அந்த நகரத்தை உலுக்கியிருந்தது. "உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் நல்லது செய்தது, இப்போது என்ன செய்கிறது?" என்று விவாதத்தில் மடக்கப்பட்டதன் விளைவு அந்தக் கூட்டம். ஏழைகளைப் பற்றி அந்தப் பையன்களுக்கு என்ன தெரியும்? மூஃப்தார் தெருப் பகுதியில் பணியாற்றிய அருள்சகோதரி ரோசலி ரெந்துதான் அவர்களை வீடுகளுக்கு அனுப்பிப் பழக்கினார். இன்று நம் பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை அப்படிப் பிறந்ததுதான்.

அந்தச் சபைக்கு இரண்டு பழைய வழக்கங்கள் உண்டு. ஏழையை வரவழைத்து வரிசையில் நிறுத்துவதில்லை. இரண்டிரண்டு பேராக அவர் வீட்டுக்குப் போவார்கள். இன்னொன்று, ஜெபத்தோடு தொடங்கும் கூட்டம் முடியும் முன் ஒரு பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு வெளியே எடுப்பார்கள். ஐந்நூறு போட்டாரா, ஐந்து ரூபாயா, ஒன்றுமே இல்லையா என்பது பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரியாது. அந்த வாரம் காசில்லாத உறுப்பினரும் கூச்சமில்லாமல் கையை விடலாம். கொடுக்க முடியாதவரின் மானத்தைக்கூட யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்.

நம் கோவில்களில் மின்விசிறி இறக்கையில்கூட உபயதாரர் பெயர் இருக்கிறது. ஓடும்போது படிக்க முடியாது என்பதுதான் ஒரே ஆறுதல். இத்தனைக்கும் வருடாவருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மத்தேயு 6ஆம் அதிகாரத்தைத்தான் வாசிக்கிறோம். தர்மம், ஜெபம், நோன்பு மூன்றுக்கும் அங்கே ஒரே எச்சரிக்கைதான்: மனிதர் பார்க்கவேண்டும் என்று செய்யாதே.

பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டாமா என்பார்கள். வேண்டும். வசூல் எவ்வளவு, எத்தனை குடும்பங்களுக்குப் போனது என்று அறிவிப்பில் வாசிக்கட்டும். வாங்கியவர் பெயர் எதற்கு? நன்கொடையாளர் படம் கேட்டால், அடுக்கிவைத்த அரிசிப் பைகளைப் படமெடுத்து அனுப்பினால் போகிறது.

அம்மாவுக்கு வருவோம். தாழ்மை என்பது தானாகக் குனிவது. பீடத்துக்கு முன்னால் நிறுத்திக் குனியவைப்பதற்கு அந்தப் பெயர் கிடையாது. அம்மா பொறுத்துக்கொண்டது அவருடைய பெரிய மனசு, அதைப் பங்குக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024இல் உலக வறியோர் நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்த கருப்பொருளே, ஏழைகளின் மன்றாட்டு கடவுளை எட்டும் என்ற, விவிலியத்தின் சீராக் நூலின் வரிதான். ஆக, அன்று சாயங்காலம் உங்கள் வீட்டிலிருந்தும் கொடுத்தவர்களுக்கு ஒரு கொடை போயிருக்கிறது, அம்மாவின் ஜெபம். அதை நீங்கள் தடுக்க வேண்டாம்.

வாட்சப்பில் சண்டை போடாதீர்கள். முதலில் அம்மாவிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் பங்குத்தந்தையை நேரில் பார்த்து, படங்களை நீக்கச் சொல்லுங்கள். அம்மா தன் பெயர் வேண்டாம் என்றால் பொதுவாகவே பேசலாம். அப்புறம், உங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். பல பங்குகளில் வயதானவர்கள்தான் இருக்கிறார்கள். பைக்கில் மூட்டையை வைத்து எடுத்துப்போக ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.