ஆய்வகத்துக்கு ரோபோ வந்துவிட்டால் ஆராய்ச்சியாளருக்கு என்ன வேலை மிச்சம்?

384 குழிகள் உள்ள ஒரு தட்டில், திரவத்தை அளந்து உறிஞ்சி விடும் பிப்பெட் என்ற கருவியால் மருந்து விட்டுப் பாருங்கள். பாதியிலேயே கட்டைவிரல் வலிக்கும், எந்தக் குழிவரை வந்தோம் என்பதும் குழம்பும். ரோபோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கிளிசரால் போன்ற கெட்டியான திரவத்தையும் தண்ணீரின் வேகத்திலேயே உறிஞ்ச வைத்தால், காற்றும் சேர்ந்து ஏறி அளவு குறைந்துவிடும். அந்தப் பிழையை எல்லாக் குழிகளிலும் சலிக்காமல் செய்யும். அதனால் திரவத்துக்கு ஏற்ற வேகத்தை வைத்து, எடை போட்டுச் சரிபார்ப்பது மனிதர் வேலைதான்.

சரி, யோசிக்கும் வேலை? பிரிட்டனின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் ராஸ் கிங் குழு உருவாக்கிய ‘ஆடம்’ என்ற ரோபோ, ஈஸ்டில் எந்த நொதிக்கு எந்த மரபணு என்று தானே ஊகித்து, தானே சோதித்தது. 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான அந்த முடிவுகளை, ஆராய்ச்சியாளர்கள் தனியே கையால் சோதித்தும் உறுதிசெய்தார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்தக் கடைசிப் படிதான்.