கேளுங்க, சொல்கிறேன்: ரப்பர் பட்டன் கம்ப்யூட்டர் காலம்

போன மாதம் 1980களின் தொடக்கத்தில் டிவியோடு இணைத்து ஓட்டிய வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் அவற்றை இன்றும் விரும்புகிற ஆர்வலர் கூட்டத்தையும் பற்றிப் பேச்சோடு பேச்சாக நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கே இவ்வளவு கடிதம். எல்லாவற்றுக்கும் இடமில்லை, சிலவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

வணக்கம் ஐயா. பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பெட்டியில் ஒரு சின்னக் கறுப்பு மிஷின் கிடைத்தது. ரப்பர் பட்டன், ஓரத்தில் நாலு கலர் கோடு, 'சின்க்ளேர்' என்று எழுதியிருக்கிறது. பெரியப்பா 1984-ல் லண்டனிலிருந்து கொண்டுவந்ததாம். பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா, இல்லை இன்னும் ஓடுமா?
— வாசகி, திருமங்கலம்

கொடுத்துவிடாதீர்கள். அது இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வந்தது, 16 கே மெமரி உள்ளது 125 பவுண்டு, 48 கே 175 பவுண்டு. அந்த நாட்டில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ப்ரோகிராம் எழுதப் பழகியது இந்த மிஷினில்தான்.

ஆனால் ஆசையில் உடனே கரண்ட் கொடுத்துவிட வேண்டாம். இதற்கு 9 வோல்ட் டிசி அடாப்டர் வேண்டும், அதன் சொருகும் முனையில் நடுப்பகுதி மைனஸ். இன்று கடையில் கிடைக்கிற அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ், அதைச் சொருகினால் உள்ளே சிப் போய்விடும். கூடவே பழைய அடாப்டர் இருந்தாலும், 40 வருடப் பழசு என்பதால் ஒரு நல்ல டிவி மெக்கானிக்கிடம் காட்டி மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுப் போடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் திரை ஒரு கணம் கறுத்து, பிறகு வெளுத்து, கீழே 1982 என்று ஒரு காப்புரிமை வரி வரும். கறுப்புக் கட்டமும் கோடுமாக நின்றுவிட்டால் அநேகமாக மெமரி சிப் போயிருக்கும், மாற்றலாம், பயப்பட வேண்டாம்.

அடுத்தது படம். இது யுஎச்எஃப் சேனல் 36-ல் சிக்னல் கொடுக்கும். அந்தக் காலத்தில் நம் ஊர் டிவிகளில் பல தூர்தர்ஷன் வந்த விஎச்எஃப் வரிசையை மட்டும்தான் எடுக்கும், அதனால் வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த மிஷின் படமே காட்டாமல் பெட்டிக்குப் போன வீடுகள் உண்டு. உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்ததோ என்று நினைக்கிறேன். உள்ளே மாடுலேட்டர் என்று ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கும், அதை விலக்கிவிட்டு வீடியோ சிக்னலை நேரடியாக எடுத்தால் மஞ்சள் பின் இருக்கிற எந்த டிவியிலும் படம் வரும், சால்டரிங் தெரிந்தவருக்கு அரைமணி நேர வேலை. சத்தத்துக்கு எதுவும் செய்ய வேண்டாம், ஸ்பீக்கர் மிஷினுக்குள்ளேயே இருக்கிறது. பட்டன் வேலை செய்யவில்லை என்றால் அடியில் உள்ள பிளாஸ்டிக் ஷீட் நொறுங்கியிருக்கும், அதை இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ப்ரோகிராமைச் சாதாரண ஆடியோ கேசட்டில்தான் சேமிப்பார்கள். பெட்டியில் கேசட் இருந்தால், குறிப்பாக அப்பா கையால் பெயர் எழுதிய கேசட் இருந்தால், அதைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். லேப்டாப்பில் ஆடியோவாகப் பதிவு செய்து வையுங்கள், அதிலிருந்து ப்ரோகிராமைத் திரும்ப எடுக்க இலவச மென்பொருள் இருக்கிறது. மிஷின் இன்னொன்று கிடைத்துவிடும். அவர் எழுதிய ப்ரோகிராம் வேறு எங்கும் கிடைக்காது.

அந்தக் கால மிஷினில் 1 கே மெமரிதான் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பல நூறு மடங்கு பெரிது. 1 கே-யில் என்னதான் செய்தார்கள்?
— ஆசிரியர், உசிலம்பட்டி

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் சார். நான் சொன்னது ஸ்பெக்ட்ரமுக்கு முந்தைய இசட்எக்ஸ்81, 1981-ல் வந்தது. மொத்தம் 1024 பைட், ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 125 பைட்டை மிஷின் தன் சொந்தக் கணக்குக்கே எடுத்துக்கொள்ளும். திரை முழுக்க எழுத்தால் நிரப்பினால் அதற்கு 793 பைட். மிச்சம் நூற்றுச் சொச்சம், அதில் ப்ரோகிராமும் வேண்டும், அது போட்டு எடுக்கிற எண்களும் வேண்டும். நல்லவேளையாக, மெமரி குறைவாக இருந்தால் திரையில் காலியாக இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் ஒரு பைட்டுக்கு மேல் செலவழிக்காதபடி மிஷினை அமைத்திருந்தார்கள். அதனால் 1 கே விளையாட்டுகள் பெரும்பாலும் திரையின் இடது மேல் மூலையிலேயே நடக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் எண்களைச் சமாளித்த விதம். ப்ரோகிராமில் 0 என்று ஒரு எண்ணை எழுதினால் அது 7 பைட் தின்னும், இலக்கத்துக்கு 1, அடையாளத்துக்கு 1, கணக்கிடுகிற வடிவத்துக்கு 5. ஆனால் 'நாட்', 'பை' போன்ற சொற்கள் ஒவ்வொன்றும் ஒரே பைட். பை என்பது 3.14, பூஜ்யம் இல்லாத எண், அதற்கு முன்னால் 'நாட்' போட்டால் விடை 0. ஆக, 0 எழுத வேண்டிய இடத்தில் 'நாட் பை' என்று எழுதினால் 2 பைட்டில் முடிந்தது, 5 பைட் மிச்சம். 1 வேண்டுமா, 'எஸ்ஜிஎன் பை', பிளஸ் எண்ணுக்கு முன்னால் 'எஸ்ஜிஎன்' போட்டால் விடை 1, அதுவும் 2 பைட்தான். 100 என்று நேராக எழுதினால் 9 பைட், மேற்கோள் குறிக்குள் போட்டு, அதை எண்ணாக மாற்றுகிற 'வால்' என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் 6. இதையெல்லாம் யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை, பத்திரிகைகளில் ஒருவருக்கொருவர் எழுதிப் பகிர்ந்துகொண்டார்கள். டேவிட் ஹார்ன் என்பவர் இந்த 1 கே மிஷினுக்குச் செஸ் எழுதினார், 672 பைட். கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) கிடையாது, சிப்பாய் ராணியாக மாறாது, ஆனாலும் எதிரில் உட்கார்ந்து காய் நகர்த்தும். வகுப்பில் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள் சார், மெமரி என்றால் என்ன என்று அதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கேசட்டில் அந்த 'கீ…' சத்தம் ஏன்? வீடியோவில் பார்த்தேன், திரை ஓரத்தில் கலர் கலராகக் கோடு ஓடுகிறதே?
— கல்லூரி மாணவர், அலங்காநல்லூர்

தம்பி, அந்தச் சத்தம்தான் ப்ரோகிராம். நீங்கள் பார்த்தது ஸ்பெக்ட்ரமாக இருக்கும், அதை வைத்தே சொல்கிறேன். 0 என்றால் குட்டையான அலை, 1 என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு நீளமான அலை. ஆரம்பத்தில் ஒரே சீராக வருவது டேப்பின் வேகத்தோடு ஒத்துப்போவதற்கு, அப்போது கோடுகள் சிவப்பும் இளநீலமும். கொர கொரவென்று மாறியதும் மஞ்சளும் நீலமும் ஆகும், அப்போதுதான் விஷயம் உள்ளே போகிறது. 48 கே நிரம்பச் சுமார் ஐந்து நிமிடம். கடைசி விநாடியில் 'டேப் லோடிங் எரர்' வந்தால் மறுபடி முதலிலிருந்துதான், அல்லது ஸ்க்ரூ டிரைவரால் டேப் ரெக்கார்டர் ஹெட்டின் குட்டி ஸ்க்ரூவைத் திருகிச் சத்தம் கூர்மையாகிற இடத்தில் நிறுத்த வேண்டும். சத்தம்தானே என்று நெதர்லாந்திலும் யூகோஸ்லாவியாவிலும் ரேடியோவிலேயே ப்ரோகிராம் ஒலிபரப்பினார்கள், கேட்டவர்கள் வீட்டில் ரெக்கார்டு செய்து மிஷினில் ஏற்றிக்கொண்டார்கள்.

1985-ல் மதுரை புதுமண்டபத்தில் 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழிப் புத்தகம் ஒன்று வாங்கினேன். கம்ப்யூட்டரை நேரில் பார்க்கவே அதன் பிறகு பல வருடம் ஆனது. அதுவரை நோட்டிலேயே ப்ரோகிராம் எழுதி, நோட்டிலேயே 'ஓட்டி'ப் பார்ப்பேன். நீங்கள் எழுதுகிற அந்த ஆர்வலர் கூட்டத்தில் என்னையும் சேர்க்க முடியுமா?
— மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பசுமலை

அண்ணே, உங்களைத்தான் முதலில் சேர்க்க வேண்டும். நம் பக்கத்தில் இந்தக் கலை வளர்ந்ததே உங்களைப் போன்றவர்களால்தான். சிங்கப்பூரிலோ லண்டனிலோ சொந்தக்காரர் இருந்த ஒன்றிரண்டு வீடுகளில் மிஷின் இருந்தது, மற்ற எல்லோருக்கும் புத்தகமும் கட்டம் போட்ட நோட்டும்தான். வரி எண்ணை இடது ஓரத்தில் எழுதி, பக்கத்தில் ஏ என்ன, பி என்ன என்று பத்தி பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் மதிப்பை அடித்து அடித்து மாற்றி எழுதிக்கொண்டே போவது சாதாரண உழைப்பு இல்லை. வாய்ப்பாடு அச்சடிக்கிற நாலு வரி ப்ரோகிராமுக்கே ஒரு பக்கம் தீர்ந்துவிடும். ஆனால் அப்படிப் பழகியவர்களுக்குத் தவறு எந்த வரியில் என்று கண்ணிலேயே தெரியும், இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

மிஷின் இல்லாமல் எழுதியதில் நீங்கள் தனி ஆளும் இல்லை. ஆப்பிள் கம்ப்யூட்டரைக் கட்டிய ஸ்டீவ் வாஸ்னியாக், அசெம்ப்ளர் (ப்ரோகிராமை மிஷின் மொழிக்கு மாற்றுகிற மென்பொருள்) வாங்கப் பணமில்லாமல் தன் பேசிக் மொழியையே காகிதத்தில் கையால் எழுதினார். 1975-ல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் என்ற மிஷினுக்குப் பேசிக் எழுதியபோது அவர்களிடமும் அந்த மிஷின் இல்லை, வேறொரு பெரிய கம்ப்யூட்டரில் அதைப்போல நடிக்க வைத்துச் சோதித்தார்கள். அந்த நோட்டுகள் இன்னும் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் யாரிடமாவது சொல்லி ஒன்றை எமுலேட்டரில், அதாவது பழைய மிஷினைப்போல நடிக்கிற மென்பொருளில், அடித்து ஓட்டிப் பாருங்கள், என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அப்போது பள்ளிக்கூடத்திலேயே பிபிசி கம்ப்யூட்டர் இருந்தது என்று என் அண்ணன் சொல்கிறான். ரேடியோ பிபிசியா?
— வாசகர், திருநகர்

அதே பிபிசிதான். கம்ப்யூட்டர் பற்றி டிவி நிகழ்ச்சி நடத்த ஒரு மிஷின் வேண்டும் என்று கேட்டார்கள், ஏக்கார்ன் என்ற கேம்பிரிட்ஜ் நிறுவனம் செய்து கொடுத்தது, 1981 கடைசியில் வந்தது. 1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளில் இந்த மிஷினோடு தொடங்கியது, அண்ணன் அப்படி ஒரு பள்ளியில் படித்திருக்கலாம். அந்த மிஷினின் பேசிக்கை எழுதியவர் சோஃபி வில்சன். பிறகு அவரும் ஸ்டீவ் ஃபர்பரும் சேர்ந்து ஆர்ம் என்ற ப்ராசஸரை வடிவமைத்தார்கள், அதன் கட்டளைகளை முதலில் பிபிசி பேசிக்கில்தான் எழுதிச் சோதித்தார்கள். 1985 ஏப்ரலில் முதல் சிப் ஓடியது. உங்கள் செல்போனுக்குள் இருப்பது அநேகமாக அதன் வாரிசுதான்.

என் மகள் ஏழாவது படிக்கிறாள், ப்ரோகிராமிங் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். பேசிக் எல்லாம் இப்போது வீண் இல்லையா? நேராகப் பைத்தான் போகலாமே?
— ஒரு அம்மா, மேலூர்

பைத்தானுக்குப் போகட்டும், தப்பே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கோடை விடுமுறையைப் பேசிக்குக் கொடுக்கலாம் என்பேன். அந்த மிஷின்களை ஆன் செய்த உடனே ப்ரோகிராம் அடிக்கிற இடம்தான் வரும், வேறு எதுவும் வராது. விளையாட வேண்டும் என்றால்கூட ஒரு கட்டளை அடித்தால்தான் விளையாட்டே ஏறும். எமுலேட்டரிலும் அதே அனுபவம் கிடைக்கிறது, பழைய லேப்டாப்பே போதும்.

அஸ்போர்ன் என்ற லண்டன் பதிப்பகம் 1980களில் போட்ட குழந்தைகள் கம்ப்யூட்டர் புத்தகங்களில் பலவற்றை இலவசமாக பிடிஎஃபில் கொடுக்கிறது, படம் நிறைந்த நல்ல புத்தகங்கள். எந்த மிஷினுக்கு எந்த வரியை மாற்ற வேண்டும் என்று பக்கத்திலேயே குறி போட்டிருக்கும். ஒரு ப்ரோகிராமைக் காப்பி பேஸ்ட் செய்யாமல் பார்த்துப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். ஓடாது, முதல் தடவை யாருக்கும் ஓடாது. நீங்கள் கண்டுபிடித்துக் கொடுக்காதீர்கள், ஒரு காற்புள்ளியோ ஒரு வரி எண்ணோதான் விட்டுப்போயிருக்கும், அவளே தேடட்டும். ஓடிய பிறகு எண்ணைக் கண்டுபிடிக்கிற விளையாட்டில் 100 என்று இருப்பதை 1000 ஆக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் எத்தனை தடவையில் கண்டுபிடித்தோம் என்று எண்ணுகிற வரியை அவளாகவே சேர்க்கச் சொல்லுங்கள். கரண்ட் போனால் அடித்ததெல்லாம் போய்விடும் என்ற பயம் மட்டும் இப்போது இல்லை, லேப்டாப்பில் அவ்வப்போது சேவ் செய்யப் பழக்கிவிடுங்கள்.