லினக்ஸ் முனையத்தில் டிவிடிக்கு நேரடியாக நகலெடுக்க முடியாதது ஏன்?

லினக்ஸ் முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், ‘சிபி’ (cp) கட்டளையால் பென் டிரைவுக்குக் கோப்பை நகலெடுப்பதுபோல வெற்று டிவிடிக்கு நகலெடுக்க முடியாததற்குக் காரணம், டிவிடி-ஆர் வட்டில் எழுதியதை அழித்துத் திருத்த வழியில்லை என்பதே. வட்டின் சாய அடுக்கை லேசர் கதிர் நிரந்தரமாக மாற்றிவிடுவதால், கோப்புகளையும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையும் முன்கூட்டியே ஒரே உருவாக அடுக்கிக்கொள்ள வேண்டும். அந்த உருவுக்கே ஐஎஸ்ஓ பிம்பம் என்று பெயர். சிலேட்டில் எழுதுவதற்கும் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது: முகூர்த்த நேரம் வரை சரிபார்த்த பிறகே அச்சு ஓடும்.

டிவிடியில் எழுதுவதற்கான ‘குரோஐஎஸ்ஓஎஃப்எஸ்’ (growisofs) கட்டளையிடம் ‘-இசட்’ என்ற குறியுடன் டிவிடி எழுதும் சாதனத்தின் பெயரையும் (பெரும்பாலும் எஸ்ஆர்0, /dev/sr0), கோப்புறையின் பெயரையும் தந்தால், அது பிம்பத்தை உருவாக்கிக்கொண்டே வட்டிலும் எழுதிவிடும். ‘-ஆர்’, ‘-ஜே’ ஆகிய குறிகளையும் சேர்த்தால், நீண்ட கோப்புப் பெயர்கள் லினக்ஸிலும் விண்டோஸிலும் வெட்டுப்படாமல் தெரியும். உறையில் 4.7 கிகாபைட் என்று அச்சிட்டிருந்தாலும், 1024-இன் மடங்குகளில் கணக்கிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 4.38 மட்டுமே, ஆகவே ‘டியூ’ கட்டளையால் கோப்புறையை முதலில் அளந்துவிடுவது என் வழக்கம், ஒரு வட்டை வீணாக்கிய பிறகு வந்த வழக்கம்.

படிப்பதற்கு, ‘மவுண்ட்’ கட்டளையால் வட்டை ஒரு கோப்புறையில் இணைத்தால் போதும்.

எழுதுவதற்கு முன்பும் அப்படி இணைக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். வெற்று வட்டில் இணைப்பதற்குக் கோப்பு முறைமையே (கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) கிடையாது, எழுதும் கட்டளை சாதனத்துடன் நேரடியாகவே பேசுகிறது.