ட்ரைகிளிசரைடு இறங்கிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வயது 42. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். போன மாதம் கடும் வயிற்றுவலியோடு மருத்துவமனையில் சேர்ந்தேன். கணைய அழற்சி என்றார்கள். அப்போது ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு டெசிலிட்டருக்கு 1,840 மி.கி. வீடு திரும்பும்போது 310. மதுப்பழக்கம் இல்லை, பித்தப்பைக் கல்லும் இல்லை. அதைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பட்டினி போட்டு, இன்சுலினும் ஏற்றினால் ட்ரைகிளிசரைடு ஓரிரு நாளிலேயே மளமளவென்று இறங்கும். அப்படி வந்ததுதான் இந்த 310. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பி நான்கு வாரம் ஆனபின், வெறும் வயிற்றில் எடுக்கும் அளவுதான் உங்கள் உண்மை நிலையைச் சொல்லும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு முக்கியம்: உங்கள் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) எவ்வளவு? ரத்தத்திலுள்ள ட்ரைகிளிசரைடை உடைத்து அப்புறப்படுத்தும் நொதிக்கு இன்சுலின் தேவை. சர்க்கரை கட்டுமீறினால் அந்த நொதி சுணங்கும். கல்லீரலோ இன்னும் கொழுப்பை உற்பத்தி செய்து ரத்தத்தில் தள்ளும். அளவு 1,000 மி.கி.யைத் தாண்டும்போது, கணையத்திலிருந்து கசியும் லைப்பேஸ் என்ற நொதி அந்தக் கொழுப்பை அங்கேயே கொழுப்பு அமிலங்களாக உடைக்கிறது. அந்த அமிலங்கள் கணையச் செல்களைப் புண்ணாக்குகின்றன. ஆகவே சர்க்கரையைச் சரியாக வைக்காமல் மாத்திரையை மட்டும் நம்ப முடியாது.

சர்க்கரை, இனிப்புப் பானம், பழச்சாறு மூன்றையும் விடுங்கள். மதுவை இனியும் தொடவே வேண்டாம். மறுபரிசோதனையில் 1,000ஐத் தாண்டினால், அது இறங்கும்வரை எல்லா எண்ணெயும் சேர்த்து நாளுக்கு 20 முதல் 30 கிராம் கொழுப்புதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 14 கிராம் இருக்கிறது. 'நல்ல எண்ணெய்' என்பதற்கும் இதில் விலக்கு இல்லை.

தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் பாருங்கள்; ஃபெனோஃபைப்ரேட்டின் அளவை அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இதற்கு மாற்று அல்ல. இரண்டையும் சேர்த்து எடுக்கும்போது தசைவலி வந்தாலோ, சிறுநீர் கருத்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு, ஈஸ்ட்ரோஜன், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் ஆகியவை ட்ரைகிளிசரைடை ஏற்றிவிடும். புதிதாக யார் மருந்து எழுதினாலும், கணைய அழற்சி வந்ததை முதலில் தெரிவியுங்கள்.

மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவி வாந்தியும் வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால், சாப்பிடவில்லை என்று நீங்களாக அதை நிறுத்தாதீர்கள். லைப்பேஸும் ட்ரைகிளிசரைடும் முதல் ரத்த மாதிரியிலேயே பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்பு மிகுந்து பால்போல் வெளுத்த ரத்தச் சீரத்தில், கணைய அழற்சியைக் கண்டறியப் பார்க்கும் இன்னொரு நொதியான அமைலேஸ் இயல்பாக இருப்பதுபோல் காட்டக்கூடும். இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு எடுத்தால் ட்ரைகிளிசரைடும் இறங்கியிருக்கும், காரணம் பிடிபடாமலே போய்விடும்.